டேங்குக்கு நேர் கீழே பாத்ரூம்: சிங்கிள் லீவரா, 2 கைப்பிடி வால் மிக்ஸரா?

மாடிவீட்டுக்காரன் (ஹொரமாவு, பெங்களூரு)

வணக்கம். சொந்த வீடு, தரைத்தளம் + முதல் மாடி. இரண்டு பாத்ரூமிலும் பழைய குழாய்களைக் கழற்றிவிட்டுப் புதிது போடணும். விவரம்:

காவிரி வாரம் 2 நாள், மற்ற நாள் போர் தண்ணி. ரெண்டும் ஒரே சம்ப்பில் கலந்துதான் மேலே ஏறுகிறது. டேங்க் மொட்டைமாடியில் 4 அடி ஸ்டாண்டில் இருக்கு, பிரஷர் பம்ப் கிடையாது. சுவருக்குள் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப். மாடியில் 15 லிட்டர் கீசர். டைலை உடைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். குளியல் முக்கால்வாசி பக்கெட்டில்தான், பிள்ளைகள் மட்டும் ஷவர்.

வாஷ்பேசின் மாற்றி, டேபிள் டாப் வைக்கிறோம். கடையில் எல்லாத்துக்கும் சிங்கிள் லீவர் (வெந்நீர், பச்சைத் தண்ணி ரெண்டுக்கும் ஒரே கைப்பிடி), கறுப்பு மேட் ஃபினிஷ், ஷவருக்கு 8 இன்ச் ரெயின் ஷவர் என்று காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கு. போர் தண்ணியில் இதெல்லாம் எத்தனை நாள் தாங்கும்? எதைப் பார்த்து வாங்கணும்?

---

ஸ்பேனர்சாமி

கடைக்குப் போகும் முன் ஒரு டேப் எடுத்து மொட்டைமாடிக்குப் போங்க. டேங்கின் அடிமட்டத்துக்கும் தண்ணி விழும் இடத்துக்கும் எவ்வளவு உயரம் என்பதுதான் எந்தக் குழாய் என்று சொல்லும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (பார் என்பது பிரஷரின் அளவு). அதாவது 1 மீட்டருக்கு 0.1 பார்தான்.

உங்க வீட்டுக் கணக்கு, கூரை 10 அடி, கான்கிரீட் அரை அடி என்று வைத்தால்: மாடி பாத்ரூம் தரையிலிருந்து டேங்க் அடி 14.5 அடி. ஷவர் 7 அடியில் இருந்தால் மிச்சம் 7.5 அடி, 0.23 பார். பேசின் குழாய் வாய் மூன்றரை அடியில், 0.33 பார். பக்கெட் குழாய் இரண்டரை அடியில், 0.36 பார். தரைத்தளத்தில் இது ஒவ்வொன்றோடும் 0.32 பார் கூட்டிக்கொள்ளுங்க. டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் காலை 8 மணிக்கு எந்த டேங்கும் நிறைந்து இருக்காது.

சிங்கிள் லீவர் மிக்ஸர்களின் பெட்டியிலோ மானுவலிலோ குறைந்தபட்ச பிரஷர் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 0.5 பார், சிலதில் 1 பார். உள்ளே 35 அல்லது 40 மிமீ காட்ரிட்ஜ் (தண்ணியைத் திறந்து மூடிக் கலக்கும் உள்பாகம்), அதில் தண்ணி போகும் வழி குறுகல். அதனால் உங்க தரைத்தளத்தில் சிங்கிள் லீவர் ஓடும். மாடியில் பேசினுக்குப் பரவாயில்லை, கை கழுவ எவ்வளவு வேணும்! ஷவருக்கும் பக்கெட்டுக்கும் மட்டும் போடாதீங்க. வெந்நீர் பக்கம் இன்னும் மோசம். கீசர் வாசலில் இருக்கும் ரிட்டர்ன் ஆகாத வால்வுக்குள் ஸ்பிரிங் இருக்கு, அதைத் தள்ளித் திறக்கவே கொஞ்சம் பிரஷர் போய்விடும். லீவரை நடுவில் வைத்தால் பச்சைத் தண்ணிதான் ஜெயிக்கும்.

மாடிக்கு 2 கைப்பிடி வால் மிக்ஸர் (சுவருக்கு வெளியே மாட்டுவது, வெந்நீருக்கும் பச்சைத் தண்ணிக்கும் தனித்தனிக் கைப்பிடி), மேலே ஷவருக்கு வளைவுக் குழாய் போடும் வசதியோடு வருவது. தண்ணியைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர் சுவருக்குள் இருக்கும் மாடல் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அதற்கு டைலை உடைக்கணும், அதோடு பிரஷரையும் அதுவே தின்னும். ஷவர் 4 இன்ச், ஒரே ஃபுளோ, சின்ன வட்டம். 8 இன்ச் ரெயின் ஷவரை 0.23 பாரில் மாட்டினால் நடுவில் மட்டும் சொட்டும், ஓரம் காய்ந்திருக்கும்.

குழாய் வாங்கும் முன் இன்னொன்று: இப்போது இருக்கும் பக்கெட் குழாயை முழுசாகத் திறந்து 20 லிட்டர் பக்கெட் நிறைய எவ்வளவு நேரம் என்று பாருங்க. 2 நிமிஷத்துக்குள் நிறைந்தால் நிமிஷத்துக்கு 10 லிட்டர், லைன் நல்லா இருக்கு. 4 நிமிஷம் ஆனால் புதுக் குழாய் ஒன்றும் செய்யாது. மொட்டைமாடி கேட் வால்வு பாதி திறந்து சிக்கியிருக்கலாம், டேங்க் வாயில் பாசி அடைத்திருக்கலாம், இறங்கு லைனே அரை இன்ச்சாக இருக்கலாம். இறங்கு லைன் குறைந்தது 1 இன்ச் இருந்து, பாத்ரூமுக்குள் பிரியும் இடத்தில்தான் அரை இன்ச்சாகணும்.

---

கார்ப்பரேஷன் காலனி

பிரஷர் பம்ப் ஒன்று வைத்துவிட்டால் பிடித்ததை வாங்கலாமே, ஏன் இவ்வளவு கணக்கு?

---

ஸ்பேனர்சாமி

வைக்கலாம். ஆனால் பம்ப் வாங்கும் செலவோடு அது முடியாது.

ஒன்று, பம்ப் டேங்கிலிருந்து வரும் மெயின் லைனில் உட்காரணும், கீசருக்கும் பச்சைத் தண்ணிக்கும் பிரிவதற்கு முன்னால். பச்சைத் தண்ணி லைனில் மட்டும் வைத்தால் அந்தப் பக்கம் 1.5 பார், வெந்நீர் பக்கம் 0.3 பார். மிக்ஸரைத் திறந்ததும் பச்சைத் தண்ணி வெந்நீர் பைப்புக்குள் ஏறிவிடும், வெந்நீர் வராது. "கீசர் ரிப்பேர்" என்று ஆளைக் கூப்பிடுவார்கள், கீசரில் ஒன்றும் இருக்காது.

ரெண்டு, மொட்டைமாடியில் லைனிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய் இருக்கும். பம்ப் ஓடினால் அது வழியாகத் தண்ணி பீச்சும். அதை மூடி போட்டு அடைக்கணும். அடைத்த பிறகு வெந்நீர் விரிவதற்கு வேறு வழி இல்லை, கீசரின் பாதுகாப்பு வால்வு வேலை செய்தே ஆகணும். கீசர் பிளேட்டில் எத்தனை பார் என்று படிங்க. 8 பார் போட்டிருந்தால் கவலை இல்லை. பழைய செப்பு டேங்க் கீசராக இருந்து, பார் கணக்கே போடவில்லை என்றால் அதன் மேல் பம்ப்பை ஏற்றாதீங்க.

மூன்று, இத்தனை வருஷம் 0.3 பாரில் சும்மா கிடந்த ஹெல்த் ஃபாஸெட் (டாய்லெட் பக்கத்துக் கை ஷவர்) குழாயும் கம்பி பின்னிய பிரெய்டட் ஹோஸும் திடீரென்று 2 பார் தாங்கணும். பம்ப் வந்த வாரத்தில் வெடிப்பது இவைதான்.

---

போர்த்தண்ணி புராணம்

பிரஷர் பாதி, தண்ணியின் தன்மை மீதி. உப்புத் தண்ணிக்குக் குழாய் வாங்கும் ஆள் ஃபினிஷைக் கடைசியில்தான் பார்க்கணும்.

முதலில் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. இந்திய குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 சொல்லும் மொத்த கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி., வேறு தண்ணி கிடைக்காத இடத்தில் 600 வரை. கடினத்தன்மை பார்க்கும் ஸ்ட்ரிப் ஆன்லைனில் கிடைக்கும். டிடிஎஸ் மீட்டரை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீங்க, அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், குழாயில் படியும் சுண்ணாம்பைத் தனியாகச் சொல்லாது. 300ஐத் தாண்டினால் கீழே சொல்வதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும்.

கறுப்பு மேட்: வேண்டாம். ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கும். தேய்த்தால் வெள்ளையோடு கறுப்பும் வரும், அதிலும் பெயின்ட் போன்ற பூச்சாக இருந்தால். பி.வி.டி. பூச்சு (பெயின்ட் இல்லாமல் வெற்றிடத்தில் ஏற்றும் கெட்டியான பூச்சு) என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருந்தால் தாங்கும், விலையும் அப்படி இருக்கும். சாதா குரோம்தான் போர் தண்ணிக்கு ராஜா. கறை தெரியாது, துடைத்தால் போகும்.

துடைப்பது எதால் என்பதும் முக்கியம். டாய்லெட் கிளீனர், ஆசிட் இரண்டும் குரோமைத் தின்னும். பாத்ரூம் தரையில் ஆசிட் ஊற்றிக் கதவை மூடிவைத்தால் அதன் புகையே போதும், ஒரு மாதத்தில் குழாயில் பச்சைப் புள்ளி வரும். வெள்ளை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு நனைத்த துணியை 10, 15 நிமிஷம் சுற்றிவைத்து, நிறையத் தண்ணி விட்டுக் கழுவினால் சுண்ணாம்பு கரைந்துவிடும். ராத்திரி முழுக்கச் சுற்றிவைக்காதீங்க. ஸ்க்ரப்பர், ஸ்டீல் நார் தொடவே கூடாது.

பித்தளையா, கலப்படமா என்று பார்க்க காந்தம் உதவாது. பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. குழாயைத் திருப்பி, தண்ணி நுழையும் மரை ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்க. உள்ளே குரோம் ஏறாத இடம் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தால் துத்தநாகம், போர் தண்ணியில் மரை அரித்து உள்ளேயே முறியும். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 8931 என்று இருந்தால் அது செப்புக் கலவைக் குழாய்களுக்கான தரம். பிளாஸ்டிக் குழாய்க்கு ஐ.எஸ். 9763. பாத்ரூமுக்கு வெளியே, துணி துவைக்கிற இடத்துக்கு அந்தப் பிளாஸ்டிக்கே போதும், சுண்ணாம்பு அதில் அவ்வளவாக ஒட்டாது, திருடனும் கழற்ற மாட்டான்.

கடைசியாக, செராமிக் டிஸ்க் (உள்ளே இரண்டு பீங்கான் தட்டு நகர்ந்து திறக்கும் குழாய்) என்று எல்லாரும் புகழ்கிறார்கள். கால் சுற்றில் திறக்கும், வாஷர் இல்லை, எல்லாம் சரி. ஆனால் போர் தண்ணியில் மணல் வந்தால் இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு துகள் மாட்டிக் கீறல் விழும், அப்புறம் சொட்டு நிற்காது. பழைய மாதிரி சுற்றிச் சுற்றித் திறக்கும் வாஷர் குழாயில் 5 நிமிஷம், ஒரு ரப்பர் வாஷர், முடிந்தது. பக்கெட் குழாய்க்கு நான் அதைத்தான் சொல்வேன்.

---

காட்ரிட்ஜ் கணபதி

கடைசிப் பத்தி தவிர எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். வாஷர் குழாயைச் சொட்டக்கூடாதென்று வீட்டில் எல்லாரும் முறுக்கி முறுக்கி மூடுவார்கள். வாஷர் போனதைக் கவனிக்காமல் முறுக்கினால் உள்ளே இருக்கும் பித்தளை இருக்கை தேயும், அதன்பின் எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டும். வயசானவர்கள், சோப்புக் கை, எல்லாவற்றுக்கும் கால் சுற்றுதான் சுலபம். மணலுக்கு மருந்து டேங்க் வாயில் ஒரு வலை ஃபில்டர். கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒன்றை இறங்கு லைனில் போட்டு, மாதம் ஒருமுறை கழுவினால் டிஸ்க் தப்பிக்கும். ஃபில்டர் அரை இன்ச்சாக வாங்கிவிடாதீங்க, பைப் அளவுக்கே வாங்கணும், இல்லாவிட்டால் இருக்கிற பிரஷரும் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்பேர் விஷயம் யாரும் சொல்லவில்லை. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதன் காட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா, இப்பவே ஒன்று கொடுங்க." கொடுக்க முடியாவிட்டால் அந்த மாடல் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஜாக்குவார், செரா, ஹிண்ட்வேர், பாரிவேர், கோலர், குரோஹே என்று எதுவானாலும் ஓடுகிற மாடலை எடுங்க, ஷோரூமின் ஓரத்தில் தள்ளுபடியில் கிடக்கும் நிறுத்தப்பட்ட மாடலை விடுங்க. சிங்கிள் லீவரில் 35ம் 40ம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 2 கைப்பிடிக் குழாயில் ஸ்பிண்டிலின் (கைப்பிடி உட்காரும் தண்டு) பல் எண்ணிக்கை மாறும், 20 பல் உண்டு, 24 பல் உண்டு. வேறு பல் ஸ்பிண்டிலை வாங்கி வந்தால் உங்க கைப்பிடி உட்காராது. ஸ்பேர் வாங்க பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோடு கடைகள் பக்கம் போனால் பழைய காட்ரிட்ஜைக் கையில் எடுத்துப் போங்க, போட்டோ காட்டி வாங்கினால் தப்பாகத்தான் வரும்.

பேசினுக்கு வருவோம். டேபிள் டாப் பேசின் என்றால் உயரமான மாடல் வேணும். பேசின் உயரம் 12 முதல் 15 செ.மீ. இருக்கும். குழாய் வாய் பேசின் விளிம்புக்கு மேல் 8 செ.மீ.யாவது நிற்கணும், இல்லாவிட்டால் கையை நுழைக்கும்போதெல்லாம் இடிக்கும். ரொம்ப உயரமானாலும் சட்டை நனையும். நீட்டம் இன்னும் முக்கியம்: குழாய் ஓட்டையின் மையத்திலிருந்து பேசினின் வேஸ்ட் ஓட்டை வரை அளங்க. தண்ணி வேஸ்ட்டின் மேலோ அதன் பக்கத்திலோ விழணும். குட்டையான வாய் பேசினின் பின்சரிவில் ஊற்றும், அங்கேதான் மஞ்சள் கோடு படியும். மாடியில் பிரஷர் கம்மி, தண்ணி நேராகக் கீழே விழும், தள்ளி விழாது. அளந்த அளவுதான் கணக்கு. பேசினை வாங்கி, கல்லின் மேல் வைத்து, குழாயையும் நிறுத்திப் பார்த்த பிறகு கல்லில் 35 மிமீ ஓட்டை போடச் சொல்லுங்க. கல்காரர் முதலில் ஓட்டை போட்டுவிட்டுப் போனால் அந்த ஓட்டைக்குத் தகுந்த குழாயைத் தேடி அலையணும்.

ஏரேட்டர் (குழாய் வாயில் காற்றைக் கலந்து தண்ணியை மிச்சம் பிடிக்கும் வலை மூடி): 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜலமண்டலி (பெங்களூரு குடிநீர் வாரியம்) அபார்ட்மெண்ட், ஹோட்டல், வணிக இடங்களில் ஏரேட்டர் கட்டாயம் என்று உத்தரவு போட்டதிலிருந்து நிமிஷத்துக்கு 3 லிட்டர் விடும் ஏரேட்டர் எங்கும் கிடைக்கிறது. தரைத்தளத்துக்கு 6 லிட்டர் போடுங்க. மாடிக்கு ஃபுளோ குறைக்கும் ரப்பர் வளையம் இல்லாத சாதா ஏரேட்டர். அங்கே தண்ணியே குறைவு, இன்னும் குறைத்தால் நூல் மாதிரி வரும். பக்கெட் குழாயில் ஏரேட்டர் போடுவதில் அர்த்தமே இல்லை, 20 லிட்டர் எப்படியும் 20 லிட்டர்தான், நிறைய நேரம்தான் கூடும். குழாய் வாயில் மரை வெளியே தெரிந்தால் ஏரேட்டர் பெரும்பாலும் 22 மிமீ, மரை உள்ளே இருந்தால் 24 மிமீ. வாய்க்குள்ளேயே மறைந்து, தனிச் சாவி போட்டுத் திருகும் மாடல் போர் தண்ணிக்கு வேண்டாம். அந்தச் சாவி தொலைந்துபோகும், ஏரேட்டரோ சுண்ணாம்பில் இறுகிப்போகும்.

---

மாடிவீட்டுக்காரன்

ரொம்ப நன்றி. பக்கெட் டெஸ்ட் பண்ணினேன், மாடியில் 20 லிட்டருக்கு 2 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். கேட் வால்வு முழுசாகத் திறந்துதான் இருக்கு. வால் மிக்ஸரை பிளம்பர் கழற்றும்போது என்ன பார்க்கணும்? சுவருக்குள் உடைந்தால் டைல் போய்விடும் என்று பயமாக இருக்கு.

---

ஸ்பேனர்சாமி

லைன் சரியாக இருக்கு, வால் மிக்ஸர் போதும், பம்ப் வேண்டாம்.

பயம் நியாயம்தான். சிபிவிசி லைனில் சுவருக்குள் இருப்பது பித்தளை மரை பதித்த எல்போ (பைப் திரும்பும் முழங்கை இணைப்பு). பழைய மிக்ஸரின் கால் (மிக்ஸரை எல்போவோடு சேர்க்கும் குட்டைக் குழாய்) உப்பில் இறுகியிருக்கும். நீளமான பைப் ரெஞ்சை மாட்டித் தொங்கினால் கால் கழலாது, பித்தளை மரை பிளாஸ்டிக்குக்குள் சுழலும். அன்றைக்குத் தெரியாது. பின்சுவரில் ஈரம் வந்த பிறகுதான் தெரியும். அதனால்:

முதலில் கேட் வால்வை மூடி, கீழ்க் குழாய்களைத் திறந்து லைனைக் காலி பண்ணுங்க. கீசர் மெயினை ஆஃப் பண்ணுங்க. மிக்ஸரின் இரண்டு பெரிய நட்டைக் கழற்றி உடம்பை எடுத்துவிடுங்க. சுவரில் நிற்கும் இரண்டு காலைச் சுற்றியும் வினிகர் நனைத்த துணி வைத்து அரை மணி நேரம் விடச் சொல்லுங்க. அதன் பிறகு சின்ன ஸ்பேனரால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கணும். வெடுக்கென்று ஒரே இழுப்பு கூடாது. கூடவே எல்போ சுழல்கிறதா என்று ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கணும். அசைந்தால் அங்கேயே நிறுத்துங்க, அப்போது ஒரு டைலோடு போகும்.

கழன்றதும் புதுசை உடனே மாட்டவிடாதீங்க. ஒரு ஆள் கேட் வால்வைத் திறக்க, இரண்டு ஓட்டையிலிருந்தும் பக்கெட்டில் தண்ணி விடணும், ஒவ்வொன்றும் 2, 3 நிமிஷம். சிபிவிசி சீவல், சிமென்ட் பொடி, துரு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். புதுக் குழாய் முதல் வாரமே சொட்டுவதற்கு இந்த வேலையை விட்டதுதான் காரணம், கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

புது மிக்ஸருக்கு நடு அளவு 150 மிமீ. கூட வரும் வளைந்த கால்களைத் திருப்பினால் ஒன்றிரண்டு செ.மீ. சரிக்கட்டலாம். காலை மாட்டிய பிறகு ரெண்டுக்கும் ரசமட்டம் வையுங்க, உடம்பு கையாலேயே சுலபமாகப் பொருந்தணும். பொருந்தாததை நட்டை முறுக்கி இழுத்தால் எல்போவுக்குத்தான் வலிக்கும். எல்போ டைலுக்கு உள்ளே ஆழத்தில் இருந்தால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போடணும், அரை இன்ச்சிலிருந்து நீளவாரியாகக் கிடைக்கும். நிப்பிளும் பித்தளைதான் வாங்கணும்.

டெஃப்ளான் டேப் காலின் சுவர்ப் பக்க மரையில் மட்டும், மரை முனை உங்களைப் பார்க்க வைத்து கடிகாரச் சுற்றில் 10, 12 சுற்று. மிக்ஸர் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கு, அங்கே டேப் வேண்டாம். பேசின் ஹோஸுக்கும் அப்படித்தான்: மேலே மெல்லிய முனையில் ஓ-ரிங், கீழே ஆங்கிள் காக் (சுவரில் இருக்கும் சின்ன மூடு குழாய்) பக்கம் வாஷர், ரெண்டிலும் டேப் சுற்றினால் வாஷர் ஒழுங்காக உட்காராமல் கசியும். மேல் முனையைக் கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் வளைந்து நிற்கணும். 450 மிமீ இழுபட்டால் 600 வாங்குங்க.

பக்கெட் உயரத்தையும் அங்கேயே பாருங்க. 20, 25 லிட்டர் பக்கெட்டைச் சுவரை ஒட்டி வைத்தால் குழாய் வாய் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே விழணும். வாய் குட்டையான மிக்ஸரில் தண்ணி சுவருக்கும் பக்கெட்டுக்கும் நடுவில்தான் போகும்.

---

போர்த்தண்ணி புராணம்

ஒரு சேர்க்கை. மாட்டிய அன்று சுவர் ஃபிளேஞ்சை (கால் நுழையும் ஓட்டையை மறைக்கும் வட்டத் தகடு) சிலிக்கானால் ஒட்டவிடாதீங்க. ஃபிளேஞ்சை முன்னால் இழுத்துவிட்டு, காலைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் சுற்றி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் பேப்பர் காய்ந்திருந்தால் ஃபிளேஞ்சைத் தள்ளி மூடலாம். வெந்நீர் பக்கத்தைத் தனியாகப் பாருங்க, கீசர் ஓடிச் சூடான பிறகுதான் அந்தப் பக்கக் கசிவு தெரியும்.

பில்லையும் பெட்டியின் மாடல் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்க. வாரண்டி அட்டையில் உப்புத் தண்ணிப் படிவுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கும், அதையும் கடையிலேயே படித்துவிடுங்க.

---

கார்ப்பரேஷன் காலனி

ஹெல்த் ஃபாஸெட்டுக்கும் இதே லைனில் ஆங்கிள் காக் இருக்குமே. பம்ப் இல்லாவிட்டாலும் அதைத் திறந்தே வைக்கலாமா?

---

காட்ரிட்ஜ் கணபதி

வைக்கலாம், ஆனால் வேண்டாம். கைப்பிடியில் இருக்கும் மெல்லிய வாஷர்தான் அப்போது 24 மணி நேரமும் தண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ராத்திரியில் ஹோஸ் பிய்ந்தால் டேங்க் காலியாகும்வரை ஓடும். டாய்லெட் பக்கத்தில் 2 வழி ஆங்கிள் காக் போட்டு, ஒரு வழி ஃபிளஷ் டேங்குக்கு, இன்னொன்று ஃபாஸெட்டுக்கு, தனித்தனிக் கைப்பிடியாக வாங்குங்க. ஒரே கைப்பிடியில் ரெண்டையும் மூடும் மாடலை வாங்கினால் ஃபாஸெட்டை மூடும்போது ஃபிளஷும் நின்றுவிடும், அப்புறம் யாரும் மூடவே மாட்டார்கள்.